தழும்பும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் கிடைத்தது. அதன் பிறகு இந்தப் பெயர் செய்தித்தாளைத் தாண்டி அழகு சிகிச்சை விளம்பரங்கள் வரை வந்துவிட்டது. தழும்பு மறையும், சுருங்கிய கல்லீரல் பழையபடி ஆகும் என்றெல்லாம் அதன் பெயரால் சொல்கிறார்கள். ஆராய்ச்சி உண்மையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே வழுக்கி விழுந்தது என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை யாரும் மாற்ற வேண்டாம்.

தோலில் இருக்கும் தழும்பும் உள்ளுறுப்பில் வரும் ஃபைப்ரோசிஸும் ஒன்றுதானா?

அடிப்படையில் ஒன்றுதான். அடிபட்ட இடத்தை உடல் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் அடைக்கிறது. தோலில் நடந்தால் தழும்பு என்கிறோம். கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம், இதயம் என உள்ளே எங்காவது அந்த வேலை முடியாமல் தொடர்ந்துகொண்டே இருந்தால் ஃபைப்ரோசிஸ். அதன் முற்றிய நிலையைத்தான் வீட்டில் ‘லிவர் சுருங்கிப்போச்சு’ என்கிறார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு ‘கிட்னி சுருங்கியிருக்கு’ என்று சொல்லும்போதும் பெரும்பாலும் பின்னணியில் இருப்பது இதுவே.

நல்ல தோலில் கொலாஜன் இழைகள் பாய் முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பில் அவை ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். முடி முளைக்காது, வியர்வை வராது. மாதக்கணக்கில் ஆறிய பிறகும் அந்த இடத்தின் வலு பழைய தோலின் 80% அளவைத் தாண்டுவதில்லை. தோலில் இது பெரும்பாலும் பார்வைக்கான சங்கடம்தான். முழங்கை மடிப்பில் தீக்காயத் தழும்பு என்றால் கையை நீட்ட முடியாது. நுரையீரலில் என்றால் மாடிப்படி ஏற முடியாது.

காயம் ஆறுவது நல்லதுதானே? எங்கே தவறுகிறது?

நிறுத்த வேண்டிய நேரத்தில் நிற்காததுதான் தவறு.

திசுவில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் சாதாரணமாக அமைதியாக இருக்கும். காயம் பட்டால், டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் அவற்றைத் தூண்டும். அவை தசைச் செல்லைப் போலச் சுருங்கும் ஆற்றலும், கொலாஜனைக் கொட்டும் குணமும் கொண்ட மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறும். கல்லீரலில் இந்த வேலைக்கு முதலில் வருபவை ஸ்டெல்லேட் செல்கள். டி.ஜி.எஃப்.-பீட்டாவின் கட்டளையைச் செல்லுக்குள் எடுத்துச்செல்பவை ஸ்மேட்-2, ஸ்மேட்-3 என்ற புரதங்கள். அந்தக் கட்டளையைத் தடுக்க ஸ்மேட்-7 என்று இன்னொன்று இருக்கிறது. இந்த ஸ்மேட்-7 கீழே திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் மூடியதும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் தாமாகவே மடிந்துவிட வேண்டும். மது, வைரஸ், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிலிக்கா தூசி என்று காயப்படுத்தும் காரணம் நீங்காமல் இருந்தால் அவை மடிவதில்லை. போதாததற்கு, இறுகிப்போன திசுவே அவற்றை மேலும் தூண்டுகிறது. அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது கோவிட் தடுப்பூசியில் வந்த எம்.ஆர்.என்.ஏ.வா?

இல்லை. எம்.ஆர்.என்.ஏ. ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் இருக்கும் (ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்து என்கிறோம்). மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்துதான். அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. அது எம்.ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது.

ஆம்ப்ரோஸ், ரவ்குன் குழுக்கள் 1993-ல் இதைக் கண்டது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மண்ணில் வாழும் உருளைப்புழு வகை ஒன்றில். அதன் பெயர் லின்-4. புழுவின் விநோதம் என்று பலரும் அதைக் கடந்துபோனார்கள். 2000-ல் ரவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவதைக் கண்டது. அது மனிதர் வரைக்கும் மாறாமல் இருப்பது தெரிந்த பிறகுதான் துறை விழித்துக்கொண்டது. மிர்பேஸ் என்ற தரவுத்தொகுப்பில் மனிதருக்கென்று இன்று 2,600-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் எத்தனை உண்மையானவை என்பதில் சண்டை உண்டு. கறாராகக் கணக்கிடுபவர்கள் சில நூறோடு நிறுத்திவிடுவார்கள்.

செல்லின் உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி நீளமான ஆர்.என்.ஏ.விலிருந்து ஒரு கொண்டை ஊசி வடிவத் துண்டை வெட்டுகிறது. அது வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி மீண்டும் வெட்டுகிறது. மிஞ்சும் 22 எழுத்தை ஆர்கோனாட் என்ற புரதம் ஏந்திக்கொண்டு இலக்கைத் தேடுகிறது. இலக்கை அடையாளம் காண்பதில் 2 முதல் 8 வரையிலான எழுத்துகளே முக்கியம். ஏழே எழுத்து பொருந்தினால் போதும் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடிகிறது. மனிதப் புரதங்களுக்கான மரபணுக்களில் 60%-க்கும் மேல் ஏதோ ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பிடிக்குள் இருப்பதாக 2009-ல் வந்த ஒரு கணக்கீடு சொன்னது.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இதில் உண்டு. ஒவ்வொரு இலக்கையும் அது குறைப்பது கொஞ்சம்தான். முழுவதுமாக அணைப்பது அபூர்வம். ஒரே பாதையில் வரும் பத்து இலக்குகளைச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும்போதுதான் அதன் பலம் தெரியும். இந்தக் குணமே மருந்தாக்க ஆசைப்பட வைத்தது, இதுவே காலையும் வாரிவிட்டது.

மிர்-21 என்ற பெயர் எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அது என்ன செய்கிறது?

‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம், எண் அதன் அடையாளம். பல உறுப்புகளில் ஃபைப்ரோசிஸ் வரும்போது கூடுகிற மைக்ரோ ஆர்.என்.ஏ. அது. 2008-ல் தாமஸ் தும், ஸ்டெஃபான் எங்கெல்ஹார்ட் ஆகியோரின் ஜெர்மன் குழு நேச்சர் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. எலியின் பெருந்தமனியைச் சுருக்கிக் கட்டி இதயத்துக்கு அழுத்தம் கொடுத்தார்கள். இதயத்தின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மிர்-21 எகிறியது. ஸ்ப்ரவுட்டி-1 என்ற தடைப்புரதத்தை அது அடக்கிவிட, செல்கள் மடியாமல் நீடித்துக் கொலாஜனைச் சேர்த்தன. மிர்-21-ஐ மறிக்கும் ஆர்.என்.ஏ. துண்டைக் கொடுத்தபோது ஃபைப்ரோசிஸ் குறைந்தது.

2010-ல் நுரையீரலிலிருந்து அடுத்த செய்தி. காரணம் தெரியாமல் நுரையீரல் இறுகிப்போகும் ஐ.பி.எஃப். நோயாளிகளின் திசுவிலும் மிர்-21 கூடியிருந்தது. அங்கே அது அடக்கியது, மேலே சொன்ன ஸ்மேட்-7-ஐ. டி.ஜி.எஃப்.-பீட்டா மிர்-21-ஐக் கூட்டுகிறது; மிர்-21 டி.ஜி.எஃப்.-பீட்டாவுக்கு எதிரான தடையைக் குறைக்கிறது. வட்டம் அழகாக மூடிக்கொண்டது. பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

அதே 2010-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரிலிருந்து எரிக் ஓல்சன் குழு வேறு சேதி சொன்னது. மிர்-21 மரபணுவையே நீக்கிய எலிகளை வளர்த்து, இதயத்துக்கு அதே போன்ற அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபைப்ரோசிஸ் வரத்தான் செய்தது. எட்டே எழுத்து நீளமுள்ள ஒரு மறிப்பானைக் கொடுத்தும் பலனில்லை. மறிப்பானின் வேதியமைப்புதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று ஜெர்மன் குழு பதிலளித்தது. 2012-ல் சிறுநீரகத்தில் செய்த ஆய்வில், மிர்-21 இல்லாத எலிகளுக்கு ஃபைப்ரோசிஸ் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் அங்கே முக்கிய இலக்காகத் தெரிந்தது ஸ்ப்ரவுட்டியும் அல்ல, ஸ்மேட்-7-உம் அல்ல. கொழுப்பு அமிலத்தை எரித்து ஆற்றலாக்கும் மரபணுக்கள். 2021-ல் மியூனிக்கிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு படி போனது. இதயத்தில் மிர்-21 அதிகமாக இருப்பது மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களில்; அவை வழியாகத்தான் அது ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டுகிறது என்றது.

மிர்-21 ஃபைப்ரோசிஸில் பங்கு வகிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தச் செல்லில், எந்த இலக்கு வழியாக என்று கேட்டால் உறுப்புக்கு ஒரு பதில் வருகிறது. அதைச் சொல்லாமல் ‘மிர்-21 ஃபைப்ரோசிஸை உண்டாக்கும்’ என்று ஒரே வரியில் எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

அப்படியானால் மிர்-29 நல்லது, மிர்-21 கெட்டது என்று சொல்லலாமா?

சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். மிர்-29 குடும்பத்தில் மூன்று உறுப்பினர்கள். முதலாம், மூன்றாம் வகைக் கொலாஜன், எலாஸ்டின், ஃபிப்ரிலின் என்று நார்த்திசுவின் கட்டுமானப் புரதங்கள் பலவற்றை இது நேரடியாக அடக்குகிறது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் இலக்குப் பட்டியல் இவ்வளவு ஒத்த இனமாக இருப்பது அரிது. 2008-ல் எவா வான் ரூய்யும் ஓல்சனும் செய்த ஆய்வில், மாரடைப்புக்குப் பிறகு இறந்த தசையை ஒட்டிய விளிம்பில் மிர்-29 குறைந்து கொலாஜன் கூடியது தெரிந்தது. டி.ஜி.எஃப்.-பீட்டாதான் அதைக் குறைக்கிறது. பிறகு கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல், தோல் என்று எங்கே பார்த்தாலும் அதே கதை.

இனி மறுபக்கம். மிர்-29 எலாஸ்டினையும் அடக்குகிறது அல்லவா? பெருந்தமனியின் சுவருக்கு எலாஸ்டின் உயிர்நாடி. வயதாகும்போது தமனியில் மிர்-29 கூடுவதும், எலிகளில் மிர்-29-ஐ மறித்தால் பெருந்தமனி வீக்கம் குறைவதும் 2011, 2012 ஆய்வுகளில் வந்திருக்கின்றன. 2017-ல் எங்கெல்ஹார்ட் குழு இன்னும் சங்கடமான ஒன்றைச் சொன்னது. ஃபைப்ரோபிளாஸ்டில் மிர்-29 என்ன செய்தாலும், இதயத்தசைச் செல்லுக்குள் அது நோயைத் தூண்டுகிறது. அங்கே அதைக் குறைத்தால் இதய வீக்கமும் ஃபைப்ரோசிஸும் குறைகின்றன.

எனவே உடல் முழுவதும் மிர்-29-ஐக் கூட்டும் மருந்து என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். தோலிலோ நுரையீரலிலோ அந்த இடத்தில் மட்டும் கொடுப்பது வேறு விஷயம்.

இவை இரண்டைத் தவிர வேறு எவை?

பெரிய பட்டியல். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மிர்-200 குடும்பம் மேற்பரப்புச் செல்கள் தம் அடையாளத்தை இழக்காமல் காக்கிறது. அது குறைந்தால் அவை நார்ச்செல்லின் குணங்களைப் பெறத் தொடங்கும். லெட்-7டி ஐ.பி.எஃப். நுரையீரலில் குறைகிறது. மிர்-122 கல்லீரலுக்கே உரியது. அது இல்லாத எலிகளுக்குக் கொழுப்புக் கல்லீரல், ஃபைப்ரோசிஸ், புற்றுநோய் என்று வரிசையாக வருகிறது.

மிர்-192 நல்ல எச்சரிக்கை. 2007-ல் ரமா நடராஜனின் கலிஃபோர்னியா குழு, சர்க்கரை நோய் வந்த எலிகளின் சிறுநீரக வடிகட்டியில் அது கூடுவதையும் கொலாஜனைக் கூட்டுவதையும் காட்டியது. 2010-ல் மனிதச் சிறுநீரகத் திசுவைப் பார்த்தவர்கள், நோய் முற்ற முற்ற அது குறைகிறது என்றார்கள். பார்த்த செல் வேறு, உயிரி வேறு, நோயின் கட்டம் வேறு.

காது குத்திய இடத்தில் கீலாய்டு வந்திருக்கிறது. இதற்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கீலாய்டு என்பது காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் வளர்வது. தடித்த சாதாரணத் தழும்பு எல்லைக்குள்ளேயே நிற்கும், காலப்போக்கில் கொஞ்சம் அடங்கும். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் முன்பே இருப்பவர்களுக்கும் கீலாய்டு அதிகம். காது மடல், மார்பு, தோள்பட்டை அதற்குப் பிடித்த இடங்கள்.

கீலாய்டிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மிர்-21 கூடியும், மிர்-29, மிர்-196ஏ ஆகியவை குறைந்தும் இருக்கின்றன. இவற்றை வைத்துச் சிகிச்சை எதுவும் இன்று கிடையாது. தோல் மருத்துவர் தரக்கூடியவை ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் தகடு, அழுத்தப் பட்டை அல்லது காதுக்கான அழுத்தக் கவ்வி, குளிர்விப்புச் சிகிச்சை, அறுவைக்குப் பின் கதிர்வீச்சு போன்றவை. வெறுமனே வெட்டி எடுத்துவிட்டு விட்டால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, பல சமயம் முன்னைவிடப் பெரிதாக, திரும்ப வரும். ‘சின்னதா வெட்டிடலாம்’ என்று யாராவது சொன்னால், ‘அப்புறம் என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள்.

பாக்கு போடுபவர்களுக்கு வாய் திறக்க முடியாமல் போவதும் ஃபைப்ரோசிஸ்தானா?

ஆம். வாய்க்குழியின் சளிச்சவ்வுக்கு அடியில் வரும் ஃபைப்ரோசிஸ். நம் ஊரில் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலருக்கு ஐ.பி.எஃப்.ஐவிட இது நெருக்கமான நோய். முதலில் காரம் பட்டால் எரியும், பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல இறுகும், கடைசியில் இரண்டு விரல் அளவுகூட வாய் திறக்காது. காரணம் பாக்கு. புகையிலை சேராவிட்டாலும் வரும். பாக்கிலுள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டுகிறது. அதிலுள்ள செம்பு, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்கு உதவுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது.

இந்தத் திசுவில் மிர்-21 கூடுவதையும் மிர்-200 குடும்பம் குறைவதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தைவானில் நடந்த ஆய்வுகளில் மிர்-200-ஐச் செல்களுக்குத் திரும்பக் கொடுத்தபோது அவற்றின் சுருங்கும் தன்மை அடங்கியது. எல்லாம் கண்ணாடித் தட்டில்தான். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுக் காலப் பின்தொடர்தலில் 7.6% பேருக்கு இது புற்றுநோயானது. பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் அதைவிடக் குறைவாகவே சொல்கின்றன. எந்த எண்ணை எடுத்தாலும், பாக்கை நிறுத்துவதும் பல் மருத்துவரிடம் ஒழுங்காக வாயைக் காட்டுவதும் தள்ளிப்போடக்கூடியவை அல்ல.

ரத்தப் பரிசோதனையில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்து ஃபைப்ரோசிஸைக் கண்டுபிடிக்க முடியுமா?

கல்லீரலில் ஓரளவு. ஃபிரான்ஸின் ஜென்ஃபிட் நிறுவனம் உருவாக்கிய என்.ஐ.எஸ்.4 என்ற பரிசோதனையில் நான்கு அளவீடுகள்: மிர்-34ஏ, இரண்டு புரதங்கள், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் அழற்சியும் கணிசமான ஃபைப்ரோசிஸும் உள்ளவர்களைப் பிரித்தறிய அது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தனியாக வரவில்லை, மூன்று துணையோடு வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறைத் தொல்லைகள் ஏராளம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே மிர்-451, மிர்-16 ஆகியவை கொட்டி அளவைக் குழப்பும். ஹெப்பாரின் கலந்த குழாயில் எடுத்தால் பி.சி.ஆர். சோதனையே தடுமாறும். நம் மருத்துவமனைகளில் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும், வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் ஆகிய நான்கை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கும் இருக்கின்றன. இரண்டாவதற்குச் சாதாரண ரத்த அறிக்கை போதும், செல்போனிலேயே கணக்குப் போடலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மருந்து ஏதாவது வந்ததா?

இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும்.

ரெம்லார்சன். அமெரிக்காவின் கொலராடோவில் இருந்த மிராஜென் நிறுவனம் செய்தது. மிர்-29-ஐப் போலவே நடந்துகொள்ளும் செயற்கை ஆர்.என்.ஏ. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் தோலில் சிறு கீறல் போட்டு, அங்கேயே ஊசியாகக் கொடுத்தார்கள். கொலாஜன் மரபணுக்களின் செயல்பாடு குறைந்தது, நார்த்திசு உருவாவதும் குறைந்தது. 2019-ல் முடிவு வெளியானது. மனிதத் தோலில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. எதிர்பார்த்தபடி வேலை செய்ததைக் காட்டியது என்ற வகையில் இது எனக்கு இன்றும் முக்கியமான ஆய்வு. கீலாய்டை வைத்து இரண்டாம் கட்டச் சோதனையும் நடந்தது. அதற்குப் பிறகு மருந்து முன்னேறவில்லை. நிறுவனம் 2021-ல் பெயரை மாற்றிக்கொண்டு தைராய்டு கண் நோய் மருந்துகளுக்குப் போய்விட்டது.

லாடெமிர்சன். மிர்-21-ஐ மறிக்கும் மருந்து. நான்காம் வகைக் கொலாஜனின் மரபணுக் கோளாறால் சிறுவயதிலிருந்தே சிறுநீரகமும் செவியும் கெடும் ஆல்போர்ட் நோய்க்காக ரெகுலஸ் நிறுவனம் தொடங்கி, சனோஃபி எடுத்து நடத்தியது. 2015-ல் வெளியான எலி ஆய்வு பிரமாதமாக இருந்தது. எலிகள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தன. மனிதரில் இரண்டாம் கட்டச் சோதனையை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று இடைக்கணக்கில் தெரிந்ததும், 2022-ல் நிறுத்தினார்கள். பெரிய பக்க விளைவுகள் இல்லை. சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை.

ஏன் என்பதற்கு என் ஊகம்: எலிக்கு மருந்தை நோய் முற்றுமுன்பே கொடுத்தார்கள். மனிதர்கள் சோதனைக்கு வரும்போது சிறுநீரகத்தில் தழும்பு ஏற்கெனவே படிந்திருக்கும். புதிய கொலாஜனைத் தடுப்பதும் பழையதைக் கரைப்பதும் வெவ்வேறு வேலை.

ஆர்.என்.ஏ. மருந்துகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அவை எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. வகை. 2018-ல் பாட்டிசிரான் முதலாவதாக அனுமதி பெற்றது. கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான் இந்தியாவிலும் கிடைக்கிறது. அவை ஒரே ஒரு மரபணுவைக் குறிவைத்து, அதைப் பெருமளவு அடக்குபவை. போய்ச்சேரும் இடம் கல்லீரல். ஆர்.என்.ஏ. துண்டைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் வழி நன்றாகத் தெரியும் என்பதால் அங்கே வெற்றி.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு இலக்கு நூறு. நுரையீரல், இதய ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு அனுப்பும் வழி அரைகுறை. புற்றுநோய்க்காக மிர்-34-ஐக் கொழுப்புத் துளியில் வைத்துக் கொடுத்த எம்.ஆர்.எக்ஸ்.34 சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-ல் நின்றது. துறைக்கே அது பெரிய அடி. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நேரடியாகக் குறிவைக்கும் மருந்து எதுவும் இதுவரை விற்பனை அனுமதி பெற்றதில்லை.

‘எக்சோசோம்’ ஊசி போட்டால் தழும்பு போகும், அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது என்கிறார்களே?

எக்சோசோம் என்பது செல்கள் வெளியிடும் மிகச்சிறு பொட்டலம். அதனுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பது உண்மை. எது, எவ்வளவு, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே அளவா என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் நெப்ராஸ்கா மாநில நோயாளிகளுக்கு ஏற்பட்ட கடுமையான பாதிப்புகளை அடுத்துப் பொது எச்சரிக்கை விடுத்தது. எக்சோசோம் தயாரிப்பு எதற்கும் அது அனுமதி தரவில்லை என்றும் சொன்னது. நான் பணம் கொடுக்க மாட்டேன்.

சோறு, கீரை, மஞ்சள் மூலம் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சரிசெய்யலாமா?

அரிசியிலுள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. சாப்பிட்டவரின் ரத்தத்தில் சேர்ந்து கல்லீரலில் வேலை செய்கிறது என்று சீனாவிலிருந்து வந்த ஆய்வு 2012-ல் பெரும் பரபரப்பு. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. மஞ்சளின் குர்குமின் அந்த மிர்ரைக் கூட்டும் இந்த மிர்ரைக் குறைக்கும் என்ற கட்டுரைகள் பெரும்பாலும் கண்ணாடித் தட்டுச் செல்களில், ரத்தத்தில் ஒருபோதும் எட்டாத அளவுகளில் செய்தவை. குழம்பில் மஞ்சள் போடுங்கள், ருசிக்காக.

ஒருமுறை வந்த ஃபைப்ரோசிஸ் திரும்பாதா?

கல்லீரலில் திரும்பும். மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாமலே திரும்பும். 2013-ல் லான்செட்டில் வந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 5 ஆண்டு டெனோஃபோவிர் எடுத்த பிறகு திசுவை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சிர்ரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கிய முற்றிய நிலை, இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது இல்லை. வைரஸை அடக்கியதும் கல்லீரல் தானே கொலாஜனைக் கரைத்துக்கொண்டது. மதுவை விடுபவர்களிலும், கணிசமாக எடை குறைக்கும் கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளிலும் முன்னேற்றம் பார்க்கலாம். எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது. முற்றிய நிலையில் வாய்ப்பு குறைவு.

ஐ.பி.எஃப்.இல் இந்த நம்பிக்கை இல்லை. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் நோயின் வேகத்தைக் குறைக்கும், இறுகிய நுரையீரலைத் திருப்பித் தராது.

‘எலியில் நுரையீரல் ஃபைப்ரோசிஸ் குணமானது’ என்று செய்தி வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

மருந்தை எந்த நாளில் தொடங்கினார்கள் என்று. இந்த ஆய்வுகளில் எலியின் நுரையீரலைக் கெடுக்கப் பெரும்பாலும் பிளியோமைசின் என்ற மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் ஒரு வாரம் வருவது அழற்சி. தழும்பு அதற்குப் பிறகு. முதல் நாளிலேயே மருந்து கொடுத்தால் அழற்சியைத் தடுத்ததைத் தழும்பைத் தடுத்ததாக எழுதிவிடலாம். இன்னொன்று, இளம் எலிகளில் இந்த ஃபைப்ரோசிஸ் சில வாரங்களில் தானாகவே பெருமளவு கரைந்துவிடும். மனிதரில் அப்படி நடப்பதில்லை.

அடுத்து எதைக் கவனிக்கலாம்?

மிர்-29-ஐ, ஃபைப்ரோபிளாஸ்ட்களில் ஒட்டும் ஒரு புரதத்துண்டோடு இணைத்து நுரையீரலுக்கு நேராக அனுப்பும் எம்.ஆர்.ஜி.-229 பற்றிய விலங்கு ஆய்வு 2022-ல் வெளிவந்தது. இடத்தைக் குறிவைப்பதால் நான் இதை ஆவலோடு பார்க்கிறேன். இதயத்தில் மிர்-132-ஐ மறிக்கும் சி.டி.ஆர்.132எல் மாரடைப்பு வந்தவர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனைக்குப் போனது. அதை உருவாக்கிய ஜெர்மனியின் கார்டியர் நிறுவனத்தை நோவோ நார்டிஸ்க் 2024-ல் வாங்கியது. லாடெமிர்சனைத் தொடங்கிய ரெகுலஸ், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய்க்காக மிர்-17-ஐ மறிக்கும் ஃபாராபர்சன் என்ற மருந்துக்கு மாறியது. 2025-ல் அந்த நிறுவனத்தை வாங்குவதாக நோவார்டிஸ் அறிவித்தது. ஃபாராபர்சன் ஃபைப்ரோசிஸுக்கான மருந்து அல்ல. ஆனால் முதல் அனுமதி அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.